பொத்தானிலிருந்து விரலை எடு

கிமியேயின் இடது கண்ணைக் கரடி கொண்டுபோனது காலை பத்து மணிக்கு. நல்ல வெயில், ஆப்பிள் மரத்தடி. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அவள் புருஷன் இசாமு இருநூறு தப்படி தள்ளிப் புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்து, எஞ்சின் இரைச்சலோடு சேர்ந்து பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தான்.

எங்கள் மலைக் கரடி அப்படியொன்றும் பெரிசில்லை. நெஞ்சில் வெள்ளைப் பிறை போட்ட கறுப்புக் கரடி. எழுந்து நின்றால் ஆள் உயரம். அந்த உயரம்தான் வினை. கையை வீசினால் நேராக முகத்துக்கு வருகிறது. முதல் அறையில் கண்ணும் கன்னத்துச் சதையும் போயின. இரண்டாவது அறையில் காது. கிமியே குப்புற விழுந்து பிடரியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அது முதுகில் ஏறி நின்று இஷ்டத்துக்குக் கிழித்தது. பிறகு அவள் பறித்து வைத்திருந்த கூடையிலிருந்து நாலைந்து ஆப்பிளைத் தின்றுவிட்டுப் போனது. அது மெல்லும் சத்தத்தைக் கேட்டபடி அவள் அசையாமல் கிடந்தாள். அப்புறம் தானாகவே தவழ்ந்து சாலைக்கு வந்தாள். முதலில் பார்த்தவர் தபால்காரர். சாலை ஓரத்தில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் அவரால் வண்டியைத் திருப்ப முடிந்தது. பாலத்தைத் தாண்டினால்தான் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். எங்கள் தொச்சிசாவா பள்ளத்தாக்கின் லட்சணம் அது.

ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் கிமியேவால் வாய் திறக்க முடிந்தது. அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்:

"உங்க பேரச் சொல்லி மூணு தடவ கத்தினேன். நீங்க பாடிக்கிட்டிருந்தீங்க. எனக்கு நல்லா கேட்டுது."

குறை சொல்லவில்லை அவள். நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் இசாமு கழிப்பறைக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டி முட்டிப் புருவத்தைப் பிளந்துகொண்டான். இனி அவள் கத்தினால் தன் காதில் விழாமல் போகக்கூடாது. அறுபத்து மூன்று வயதில் அவனுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அந்த ஒன்றுதான்.

இசாமு நல்லவன் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கெட்டவன் என்றாலும் நம்பமாட்டார்கள். முரடன், அது மட்டும் நிச்சயம். அவன் அப்பன் ஆப்பிள் விளாறால் அடித்தே வளர்த்தான். பதினெட்டு வயதில் ஒருநாள் இவன் அந்த விளாறைப் பிடுங்கி அப்பனைத் திருப்பி அடித்துவிட்டு ஊரைவிட்டு ஓடினான். இருபத்து மூன்று வருஷம் லாரி ஓட்டினான். வடக்குத் துறைமுகத்திலிருந்து தோக்கியோவுக்கு மீன் ஏற்றிப்போகிற லாரி. உடம்பெல்லாம் வண்ண பல்பும் தகடுமாக, கோயில் தேர் மாதிரி ஜொலிக்கும். லாரிக்காரர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் வண்டியில் திருட்டுத்தனமாக ஒரு ரேடியோ வைத்திருப்பார்கள். ஓடிக்கொண்டே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம். அதில் இசாமுவின் பெயர் செம்பூதம்.

அந்த ரேடியோவால் அவன் உயிர் பிழைத்த கதை ஒன்று உண்டு. பனிமூட்டமான ஒரு காலையில், முன்னால் போனவன் "பாலம்! நிறுத்து!" என்று இரண்டே சொல் சொன்னான். இசாமு மிதித்தான், வண்டி நின்றது. அவன் கேட்ட சொல்லைப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லப் பொத்தானை அழுத்தினால், எவனோ ஒருவன் தன் பெண்டாட்டி போட்ட முள்ளங்கி ஊறுகாயைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிக்கொண்டிருந்தான். ஒரே அலைவரிசை. ஒருவன் பேசினால் மற்றவன் வாயை மூட வேண்டியதுதான். ஊறுகாய் முடிவதற்குள் ஆறு லாரிகள் வந்து மோதித் தீப்பிடித்தன. கதவு நசுங்கி வெளியே வர முடியாத ஒரு டிரைவர் கண்ணாடிக்குப் பின்னால் கருகியதை இசாமு நின்று பார்த்தான். அடுத்த மாதம் ஒரு லாரிப் பேட்டையில் அந்த ஊறுகாய்க்காரனைக் கண்டுபிடித்து, சக்கரம் கழற்றும் ஸ்பேனரால் தாடையை உடைத்தான். எட்டு மாதம் ஜெயில். வெளியே வந்தபோது அப்பன் செத்திருந்தான், லைசென்ஸ் போயிருந்தது, கிமியே மட்டும் ஜெயில் வாசலில் நின்றாள். ஊருக்குத் திரும்பி அப்பனுடைய ஆப்பிள் மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து செய்யத் தொடங்கினான்.

ஆக, கிமியே தையல்களோடு வீடு திரும்பிய வாரமே அவன் நகரத்துக்குப் போய்ப் பத்து வாக்கிடாக்கி வாங்கி வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஊரில் ஒன்பது வீடு. வீட்டுக்கு ஒன்று, கிமியேவுக்குத் தனியாக ஒன்று. ஒன்பதில் ஏழு வீட்டுக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால் நாங்கள் பாலத்து வீடு, மேட்டு வீடு, ஆலை வீடு என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ரேடியோவிலும் அதுவே பெயராயிற்று.

ஊர்க் கூடத்துப் பாயில் எல்லாரும் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இசாமு மட்டும் நின்றான்.

"நல்லா கேட்டுக்குங்க. நகராட்சிக்காரன் கம்பத்துல கட்டின ஒலிபெருக்கி இருக்கே, அஞ்சு மணிக்குப் பாட்டுப் போட்டு, 'நேத்து நாலு மணிக்குக் கரடி தென்பட்டது'ன்னு இன்னிக்குச் சொல்லுது. அதுகிட்ட நாம திருப்பிப் பேச முடியுமா? முடியாது. இதுல முடியும். இந்தப் பொத்தான அழுத்தினா பேசலாம். விட்டாத்தான் கேக்கலாம். ஒருத்தர் அழுத்திக்கிட்டிருந்தா மத்த ஒம்பது பேரும் ஊமை. நீங்க அழுத்தினா பீப்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதனால சட்டம் என்னன்னா, மொத வார்த்த கரடி. ரெண்டாவது, எந்த இடம். அதோட விரல எடு. வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது, இன்னிக்கு வெயில் நல்லாருக்கு கிடையாது."

மேட்டு வீட்டு யசாகு மெதுவாகக் கையை உயர்த்தினார். எழுபத்தெட்டு வயது. வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர்; தன் மாட்டிடம்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கயிற்றை இழுப்பார் என்று ஊரில் கேலி செய்வோம்.

"இசாமு தம்பி, ஒரு சந்தேகம். யார் பேசுறோம்னே சொல்லாம, எடுத்த எடுப்புல கரடின்னா, கேக்கறவங்க மனசு சங்கடப்படாதா?"

"கரடி கிழிச்சா சங்கடப்படாதா?"

"அதில்ல. ஒரு வீட்டு வாசக்கதவத் திறந்து, 'வீட்ல இருக்கீங்களா'ன்னு கேட்டு, உள்ளேருந்து பதில் வந்தப்புறம்தானே விஷயத்தச் சொல்றோம்? பதில் வராமலே உள்ள பூந்தா திருடன் மாதிரில்ல இருக்கு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அப்படித்தானே எங்களை வளர்த்திருக்கிறார்கள். கதவைப் பூட்டும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பதில் வரும்வரை செருப்பைக் கழற்றும் வழக்கமும் இல்லை. யசாகு ஒருமுறை ஆலை வீட்டில் சிம்னி தீப்பிடித்ததைப் பார்த்து ஓடிப்போய், வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டு, பதில் வந்த பிறகு "உங்கள் கூரை எரிகிறது" என்று சொன்னவர்.

"பெரியவரே," என்றான் இசாமு. "என் பொண்டாட்டி மூஞ்சியப் பாருங்க. நல்லா பாருங்க. அப்புறம் மரியாதையப் பத்திப் பேசுவோம்."

மூலையில் உட்கார்ந்திருந்த கிமியே துணிக்கட்டை அவிழ்க்காமலே சொன்னாள். "என் மூஞ்சிய எதுக்குங்க இழுக்கறீங்க? பெரியவர் கேட்டா நல்லபடியா பதில் சொல்லுங்க."

நல்லபடியாகச் சொல்லும் வித்தை இசாமுவுக்கு வரவில்லை. யசாகுவின் மனைவி மட்சுயோ ரேடியோவை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்து இசாமு பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்து வந்த கோடையில் ரேடியோ தன் பயனைக் காட்டியது. ஜூலையில் ஆலை வீட்டுக்காரி மக்காச்சோளக் கொல்லையிலிருந்து சட்டப்படியே கூவினாள்: "கரடி! ஆலை வீட்டுக் கொல்லை!" வேட்டைச் சங்கத்து ஷோஜி பத்து நிமிஷத்தில் துப்பாக்கியோடு வந்துவிட்டார். கரடி தட்டைகளுக்குள் ஒளிந்துகொண்டு உறுமியது. முதல் குண்டு வயிற்றில் பட்டு, அது குடலை இழுத்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது. இரண்டாவது தோளில். மூன்றாவதை ஷோஜி ஆறு தப்படியிலிருந்து வாய்க்குள் சுட்டார். இசாமு ரத்தம் தெறித்த முகத்தோடு அதன் மேல் ஏறி நின்று, செத்த பிறகும் மண்டையில் மண்வெட்டியால் அடித்துக்கொண்டே இருந்தான். நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கிமியே கரடியைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் யசாகு திருந்தவில்லை. பன்றி பார்த்தாலும் குரங்கு பார்த்தாலும் அதே கதைதான். "வீட்ல இருக்கீங்களா? மேட்டு வீட்டு யசாகுங்க. வேலையா இருப்பீங்க, தொந்தரவுக்கு மன்னிக்கணும்." சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருப்பார். யாராவது "சொல்லுங்க" என்றால்தான் விஷயம் வரும். மற்ற வீட்டார் பழகிக்கொண்டார்கள். அவர் கூப்பிட்டதும் யாராவது ஒருவர் "சொல்லுங்க யசாகு அண்ணே" என்பார்கள், அவர் சொல்லிவிடுவார், மொத்தம் ஐந்து நொடி. இசாமுவால்தான் அதைத் தாங்க முடியவில்லை. அவன் கையில் ரேடியோ இருந்தால் மற்றவர்கள் பதில் சொல்வதற்குள் முந்திக்கொள்வான். "யோவ்!" என்று தொடங்கினால் அரை நிமிஷம் ஓடும். செப்டம்பரில் முக்கால் நிமிஷம் ஆயிற்று. ஊரில் சிலர் ரேடியோவைத் தொடவே பயந்தார்கள். கரடியாவது எப்போதாவது வருகிறது, இசாமு தினமும் வருகிறான் என்று ஆலை வீட்டுக்காரி சொன்னது அவன் காதுக்கும் எட்டியது.

கிமியே ஒரே ஒருமுறைதான் சொன்னாள். "நீங்க திட்டி முடிக்கிறதுக்குள்ள கரடி வந்து தின்னுட்டு, பல்லும் குத்திட்டுப் போயிரும்."

"அந்தக் கெழவனுக்குப் புத்தி வர வேண்டாமா?"

"அவருக்கு வராது. உங்களுக்கு வரட்டும்."

அவன் சோற்றுக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தான். அவள் பொறுக்கிப் போட்டாள்.

அக்டோபர் இருபதாம் தேதி வாக்கில் எங்கள் தோட்டங்களில் மரத்தடியெல்லாம் வெள்ளித் தாள் விரித்திருப்போம். வெயில் அதில் பட்டு மேலே திரும்பினால்தான் ஆப்பிளின் அடிப்பக்கமும் சிவக்கும். பழத்தை மறைக்கும் இலைகளைக் கிள்ளி, ஒவ்வொரு பழத்தையும் மெல்லத் திருப்பிவிட வேண்டும். கண் கூசும் வேலை. ஒற்றைக் கண்ணோடு கிமியே அதைச் செய்யப் போகிறேன் என்றபோது இசாமு கத்தினான், அவள் கேட்கவில்லை. ஒரு வருஷமாக வீட்டுக்குள் கிடந்தது போதும் என்றாள். இடுப்பில் மணி, மார்பில் ரேடியோ, கரடி மேல் அடிக்கிற மிளகாய்ப் பீய்ச்சான் எல்லாம் மாட்டிவிட்டு, அவளை மேல் தோட்டத்தில் இறக்கிவிட்டு இசாமு கீழே கொட்டகைக்கு வந்தான். பழப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். முற்பகல் பதினொரு மணி.

மேல் தோட்டத்துக்கும் யசாகுவின் தோட்டத்துக்கும் நடுவே ஓர் ஓடை. முந்தின இரவு பெய்த மழையில் அது இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது. யசாகுவும் மட்சுயோவும் தங்கள் மேட்டிலிருந்து பார்த்தார்கள்: ஓடைக்கரைப் புதரிலிருந்து ஒரு பெரிய பெண் கரடி வெளியே வந்தது. பின்னால் ஒரு குட்டி. கிமியே மூன்றுகால் ஏணியின் உச்சியில், இடது பக்கத்தை ஓடைக்குக் காட்டியபடி நின்று ஆப்பிளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவளுக்குக் கண் இல்லை.

கொட்டகையில் ரேடியோ பேசியது.

"வீட்ல இருக்கீங்களா? மேட்டு வீட்டு யசாகுங்க. வேலை நேரத்துல மன்னிக்கணும்."

குரல் நடுங்கியது. இசாமுவுக்கு அது உறைக்கவில்லை. மற்ற ஏழு வீட்டில் யாராவது "சொல்லுங்க" என்பதற்குள் அவன் ரேடியோவைப் பிடுங்கிப் பொத்தானை அழுத்தினான்.

"யோவ் பெருசு! இன்னும் எத்தன தடவய்யா சொல்றது உனக்கு? இது என்ன உன் சம்பந்தி வீட்டு வாசப்படியா? டீ போட்டு வச்சிருக்கோம், வந்து குடிச்சிட்டுப் போ! மன்னிக்கணுமாம், மன்னிக்கணும். மன்னிச்சு மன்னிச்சு எனக்கு வாயே புளிச்சுப்போச்சு. எழுபத்தெட்டு வருஷம் சோறுதானே தின்ன? ஒரு சின்னப் புள்ளைக்குச் சொன்னாக்கூட ஒரு தடவையில புரிஞ்சிரும். மொதல்ல விஷயம்! விஷயத்தச் சொல்லு! நீ இப்படி வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தேன்னா ஒருநாள் உன் கண்ணு முன்னாலயே யாராவது செத்துப்போவான், நீ அவன் பொணத்துக்கிட்டயும் 'இருக்கீங்களா'ன்னு கேட்டுக்கிட்டு நிப்ப. உனக்கெல்லாம் ரேடியோ ஒரு கேடு! நாளைக்கே கொண்டாந்து குடுத்துரு, நான் உன் மாட்டுக் கழுத்துல கட்டறேன், அது உன்னவிட நல்லா கத்தும்! என்ன, சத்தத்தையே காணோம்? ரோஷம் வந்துருச்சா? வரட்டும்! ரோஷம் வந்தாவது புத்தி வருதான்னு பாப்போம்!"

விரலை எடுத்தான். மூச்சு வாங்கியது. கோபத்தைக் கொட்டிய சுகம் ஒரு கணம் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுகணம் கிமியேயின் குரல் கொட்டகையைப் பிளந்தது.

"கரடி! மேல் தோட்டம்! யசாகு அண்ணனக் கொல்லுது! ஐயோ, கொல்லுது!"

இசாமுவின் குட்டி லாரி மேட்டில் ஏறிய வேகத்தில் பின்னால் இருந்த பெட்டிகளெல்லாம் சாலையில் சிதறின. தோட்டத்து வேலியை இடித்துக்கொண்டே உள்ளே போனான். வெள்ளித் தாள் முழுக்க ரத்தம். வெயில் அதில் பட்டு, மரத்தடியே சிவப்பாக இருந்தது. ஏணி உச்சியில் கிமியே கிளையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கையில் மிளகாய்ப் பீய்ச்சான் காலியாக இருந்தது. ஏணிக்குக் கீழே யசாகு மல்லாந்து கிடந்தார். கரடி அவர் மேல் உட்கார்ந்து தலையைக் கவ்வி உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் இன்னும் அரிவாள் இருந்தது. அந்தக் கை மெல்ல எழுந்து, கரடியின் விலாவில் ஒருமுறை கொத்திவிட்டு விழுந்தது.

இசாமு லாரியை நிறுத்தவில்லை. நேராகக் கரடியின் இடுப்பில் மோதினான். அது உருண்டு எழுந்து லாரியின் மூக்கின் மேல் ஏறியது. கண்ணாடி உடைந்தது. உள்ளே வந்த கை அவன் தோளிலிருந்து முழங்கைவரை சதையைப் பிரித்துப் போட்டது. அவன் இருக்கைக்கு அருகில் கிடந்த கவாத்து ரம்பத்தை எடுத்து அந்தக் கையை, பிறகு மூக்கை, பிறகு வாய்க்குள்ளேயே அறுத்தான். இருவரும் ஒரே குரலில்தான் கத்தினார்கள் என்று கிமியே பிற்பாடு சொன்னாள். கரடி கீழே விழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது. குட்டி அதன் பின்னால் போனது. ஷோஜி மறுநாள் இரண்டையும் மேல் ஓடையில் சுட்டார்.

யசாகுவுக்கு முகம் என்று சொல்ல எதுவுமில்லை. மூச்சு மட்டும் குமிழியிட்டது. இசாமு தன் சட்டையைக் கிழித்து அழுத்தினான். எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. "பெரியவரே, பேசுங்க, ஏதாவது பேசுங்க" என்று கெஞ்சினான். பேசுவதற்கு அவரிடம் வாய் இருக்கவில்லை. ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டார்.

என்ன நடந்தது என்பதை அன்று மாலை கிமியே சொன்னாள். அவன் தோளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க திட்ட ஆரம்பிச்சதும் எனக்குச் சிரிப்பா வந்துது. அப்புறம் எரிச்சலா வந்துது. உங்க குரல் என் நெஞ்சுமேலயே கத்திக்கிட்டிருந்துச்சு. வேற ஒண்ணும் கேக்கல. மட்சுயோ அக்கா அந்தக் கரையிலேருந்து கத்தியிருக்காங்க. கேக்கல. யசாகு அண்ணன் ஓடைய நீந்தி வந்திருக்காரு. கேக்கல. ஏணி ஆடுச்சு, அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். அவரு ஏணிக்கும் கரடிக்கும் நடுவுல நிக்கிறாரு. நான் பொத்தான அழுத்தினேன். பீப்னுச்சு. மறுபடி அழுத்தினேன். மறுபடி பீப். நீங்க மாட்டப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க."

இசாமுவின் தோளில் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவ நீங்க பாடல," என்றாள் கிமியே.

ஒன்பது வீட்டிலும் அந்தத் திட்டு கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆனால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊர் அப்படி. தெருவில் பார்த்தால் குனிந்து வணங்கினார்கள், தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். யாராவது தன் தாடையை ஒரு ஸ்பேனரால் உடைத்தால் தேவலை என்றிருந்தது இசாமுவுக்கு. யாரும் உடைக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி முதலில் எரித்துவிட்டதால், இழவு வீட்டில் யசாகு ஏற்கெனவே வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிக்குள் எலும்பாக இருந்தார். இசாமு ஊதுவத்தி ஏற்றினான். மட்சுயோ வரிசையில் வந்தவர்களையெல்லாம் வணங்கியது போலவே அவனையும் வணங்கி, வந்ததற்கு நன்றி சொன்னாள். அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பாயில் நெற்றி பட விழுந்தான்.

"அக்கா, நான்தான். நான் பேசாம இருந்திருந்தா—"

"தெரியும்," என்றாள் மட்சுயோ. கையில் பிரார்த்தனை மணிகள் உருண்டுகொண்டிருந்தன. "அவர் பக்கத்துலதானே நின்னேன். ரெண்டு கையாலயும் ரேடியோவப் பிடிச்சுக்கிட்டு, நீ திட்டத் திட்ட அதுக்கே தலை குனிஞ்சு குனிஞ்சு வணங்கினார். நீ நிறுத்தினதும் சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தார். நீ நிறுத்தல. அப்புறம் ரேடியோவ என் கையில குடுத்தார். 'இசாமு தம்பிக்கு இன்னிக்கு நேரமாகும்போல'ன்னாரு. அரிவாள எடுத்துக்கிட்டு ஓடினாரு. நான் அழுத்தி அழுத்திப் பாத்தேன். பீப், பீப், பீப். உன் குரல் நிக்கவே இல்ல."

கூடம் முழுக்க ஆள். மட்சுயோ எழுந்தாள். எழுபத்து நாலு வயதுக் கிழவி. மணிகளைச் சுற்றிய கையால் இசாமுவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மணிச்சரம் அறுந்து பாயில் உருண்டது. மறுபடி அறைந்தாள். அவன் முகத்தை நகர்த்தவில்லை. மூன்றாவது அறையில் உதடு கிழிந்தது. பிறகு அவள் மண்டியிட்டு, சுற்றியிருந்தவர்களிடம் "ஒழுங்கீனமா நடந்துக்கிட்டேன், மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு மணிகளைப் பொறுக்கத் தொடங்கினாள். கிமியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் தேடித் தேடிப் பொறுக்கிக் கொடுத்தாள்.

முதல் பனி விழுவதற்குள் இசாமு வீடு வீடாகப் போய் ரேடியோக்களைத் திரும்பக் கேட்டான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வீட்ல இருக்கீங்களா" என்று கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் பேசினான். ஏழு வீட்டில் கொடுத்தார்கள். மேட்டு வீட்டில் மட்சுயோ கொடுக்கவில்லை.

"இது எங்க வீட்டு ரேடியோ," என்றாள். "தினமும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். உனக்கு வேணாம்னா உன்னோடத உடைச்சுப் போடு."

அவன் அந்த ஏழையும் கொட்டகையில் வைத்துப் பனிக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சுத்தியலைக்கூட எடுத்தான். மேட்டு வீட்டில் ஒருத்தி தனியாக ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. கேட்கிறவன் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா. சுத்தியலைக் கீழே வைத்தான். மார்ச் கடைசியில் மறுபடி வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். இந்தத் தடவை சட்டம் எதுவும் சொல்லவில்லை. "யார் எப்படிக் கூப்பிட்டாலும் யாராவது உடனே 'சொல்லுங்க'ன்னு சொல்லிட்டு விரல எடுத்துருங்க" என்று மட்டும் சொன்னான்.

ஏப்ரலில் பனி கரைந்தது. கரடிகள் பசியோடு வெளியே வரும் மாதம். இசாமு மேல் தோட்டத்தில் கவாத்து செய்துகொண்டிருந்தான். கிமியே கீழே விளாறுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் இடது கை தோளுக்கு மேல் ஏறாது. மார்பில் இருந்த ரேடியோ கரகரத்தது.

"வீட்ல இருக்கீங்களா? மேட்டு வீட்டு மட்சுயோங்க. வேலை நேரத்துல மன்னிக்கணும்."

ரம்பம் கையிலிருந்து விழுந்தது. இசாமு பொத்தானை அழுத்தினான்.

"இருக்கேன். சொல்லுங்க."

விரலை எடுத்தான். கிமியே விளாறைக் கீழே போட்டுவிட்டு ஓடைப் பக்கம் முழுத் தலையையும் திருப்பினாள். ரேடியோவில் சத்தமில்லை. இசாமுவின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ளவில்லை. ஐந்து நொடி, பத்து நொடி, இருபது நொடி. மறுபடி அழுத்திக் கேட்டுவிட விரல் துடித்தது. அழுத்தவில்லை.

அப்புறம் மட்சுயோவின் குரல் நிதானமாக வந்தது.

"ஒண்ணுமில்ல. பதில் வருதான்னு பாத்தேன்."